வேதாகமத்தின் சுகமாக்கும் அற்புதங்களைப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு எப்படி வாசிப்பது?

கேள்வி கேட்டவர் ஞாயிறு பாடசாலையில் 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். சுகமாக்கும் அற்புதங்களைப் பற்றிப் பிள்ளைகள் நிதானமாக யோசிக்க வேண்டும், ஆனால் அவர்களுடைய விசுவாசம் குலைந்துவிடக் கூடாது, அதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார். திருகோணமலையில் ஒரு மெதடிஸ்த சபையில் இதே வயதுப் பிள்ளைகளோடு பல வருடங்களாக இருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி ஒரு பெடியனால் வந்தது. அவனிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது அவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கிளினிக்கில் கொடுக்கும் குளிசையை ஒழுங்காகப் போட்டு வந்ததால் இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை. உறவினர் ஒருவர் அவனை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். மேடையில் நின்று ஜெபித்தவர், "நீ சுகமாகிவிட்டாய், இனிக் குளிசை போட்டால் அது அவிசுவாசம்" என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்குத் தெரியாமல் இவன் ஒவ்வொரு இரவும் குளிசையை ஜன்னலால் எறிந்திருக்கிறான். மூன்றாம் கிழமை டச்பே கடலில் கூட்டாளிகளோடு குளித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு மீன்பிடிக்காரர் பாய்ந்து தூக்கியிராவிட்டால் பிள்ளை இல்லை. வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகவே வலிப்பு வரக்கூடும் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவன் அழவில்லை. மெதுவாகக் கேட்டான்: "ரீச்சர், நான் வடிவா விசுவாசிக்கேல்லையோ?"

எனக்குக் கோபம் வந்தது, அவன்மீது அல்ல. அன்று அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லை மகன், அப்படி இல்லை" என்று மட்டும் சொன்னேன். அப்படி இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துதான் தேடினேன். அவனுடைய கதையே வேதாகமத்தில் இருக்கிறது. மத்தேயு 17இலும் மாற்கு 9இலும் வருகிற அந்தப் பையன். நமது பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு அவனைச் "சந்திரரோகி" என்கிறார். மூலக் கிரேக்கச் சொல்லும் சந்திரனால் பாதிக்கப்பட்டவன் என்ற பொருள்தான். வாயில் நுரை தள்ளுகிறது, பல்லைக் கடிக்கிறான், உடம்பு விறைத்துப் போகிறது. வலிப்பைக் கண்ணால் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அவன் சுகமாகி வகுப்புக்கு வந்த பிறகு, அவனிடமும் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, மாற்கு 9ஐ எல்லோருமாக வாசித்தோம். ஒரே அதிகாரத்தில் மூன்று கிழமை நின்றோம். பிள்ளைகள் கண்டுபிடித்தவற்றை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

முதலாவது, அந்தப் பையனிடம் யாரும் விசுவாசம் கேட்கவில்லை. "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று மத்தேயுவில் இயேசு சொல்வது சீஷர்களுக்கு, அதாவது அவனைச் சுகமாக்க முயன்றும் முடியாமல் போனவர்களுக்கு. நோயாளியைப் பார்த்துச் சொல்லப்படாத ஒரு சொல்லை எடுத்து நோயாளியின் தலையில் போடுகிறோம். "அப்படியென்றால் மேடையில் நின்றவரிடம்தானே ரீச்சர் அதைக் கேட்டிருக்க வேண்டும்?" என்று ஒரு பிள்ளை சொன்னாள். அவளை நான் திருத்தவில்லை.

இரண்டாவது, தகப்பனின் விசுவாசமும் அரைகுறைதான். உம்மால் ஏதும் கூடுமானால் உதவிசெய்யும் என்றுதான் தொடங்குகிறார். பிறகு, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கத்துகிறார். அந்த ஜெபத்துக்கே பதில் கிடைக்கிறது. சந்தேகம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது என்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வசனம் போதும்.

மூன்றாவதை அவனே வாசித்தான். அந்த நோய் பையனை அநேகந்தரம் தீயிலும் தண்ணீரிலும் தள்ளியது என்று தகப்பன் சொல்கிற இடம். "தண்ணீரிலும்" என்ற சொல்லில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி வரும், ஆயத்தமாக இருங்கள். மாற்கு இதை அசுத்த ஆவி என்கிறாரே, அப்படியென்றால் வலிப்பு பிசாசா? எங்கள் வகுப்பிலும் கேட்டார்கள், அவன் முன்னாலேயே கேட்டார்கள். மத்தேயு 4:24ஐத் திறக்கச் சொன்னேன். அங்கே பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் (கைகால் முடங்கியவர்கள்) என்று மூன்று கூட்டத்தாரையும் தனித்தனியாக மத்தேயு எழுதுகிறார். வலிப்பு வந்தவர்கள் எல்லோரும் பிசாசு பிடித்தவர்கள் என்று சுவிசேஷம் எழுதியவரே சொல்லவில்லை. இது மூளையோடு சம்பந்தப்பட்ட வியாதி, மற்ற வியாதிகளைவிடத் தெய்வீகமானது அல்ல என்று இயேசுவுக்குச் சுமார் 400 வருடம் முன்பே ஒரு கிரேக்க வைத்திய நூல் எழுதிவைத்திருக்கிறது. பழைய காலத்து மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அதனால் இதையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு பழக்கம் தொடங்கினோம். ஒவ்வொரு சுகமாக்கும் கதைக்கும் கொப்பியில் மூன்று கேள்விகள்: யார் கேட்டது, யாருடைய விசுவாசம், எந்த வழியில் சுகம் வந்தது. எந்தச் சூத்திரமும் நிற்காது என்று சில மாதங்களில் பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. திமிர்வாதக்காரனைக் கூரையால் இறக்கியபோது இயேசு கண்டது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. (லூக்கா அங்கே ஓடுகளைப் பற்றிச் சொல்கிறார். ஓட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும்.) நாயீன் ஊர் விதவை ஒன்றுமே கேட்கவில்லை, ஆனாலும் அவளுடைய இறந்த மகன் எழுப்பப்பட்டான். காது வெட்டுப்பட்டுச் சுகமாக்கப்பட்ட மல்குஸ் இயேசுவைப் பிடிக்க வந்தவன். பெத்சாயிதா குருடனுக்கு முதலில் மனிதர் மரங்களைப்போலத் தெரிந்தார்கள், இரண்டாம் முறை தொட்ட பிறகுதான் தெளிந்தது. எசேக்கியா ராஜாவுக்காகக் கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று சொன்ன அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் போடச் சொல்கிறார். ஜெபமும் மருந்தும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

சுகமாகாதவர்களையும் கட்டாயம் படிப்பியுங்கள். இதை நாங்கள் எல்லோரும் விட்டுவிடுகிறோம். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். மாம்சத்திலே முள் என்று அவரே சொல்கிற தன் உபத்திரவத்துக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. எங்கள் பிள்ளைகளை அதிகம் அசைத்தது எலிசா. நாகமானைச் சுகமாக்கியவர், சூனேமியாளின் மகனை உயிரோடு எழுப்பியவர், கடைசியில் வியாதியில் விழுந்து இறந்துபோனார். எலிசாவிடம் போய் உமக்கு விசுவாசம் போதாது என்று யார் சொல்வது?

ஒரு முறை பிள்ளைகளைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போனேன். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது சைவ மக்களின் நம்பிக்கை. அந்தத் தண்ணீரில் குளித்தால் உடம்பு நோவு போகும் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். திரும்பி வந்து யோவான் 5இல் பெதஸ்தா குளத்தை வாசித்தோம். தூதன் வந்து தண்ணீரைக் கலக்குவான் என்கிற நான்காம் வசனம் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகள் சில அதை அடிக்குறிப்பில் போட்டிருக்கின்றன. இதை மறைக்காதீர்கள். பிள்ளைகள் இணையத்தில் எப்படியும் காண்பார்கள். முதலில் உங்கள் வாயால் கேள்விப்பட்டிருந்தால் பயப்பட மாட்டார்கள். அந்த 38 வருடத்து நோயாளி தன்னைச் சுகமாக்கியவர் யார் என்றுகூட அறியாதிருந்தான் என்பதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அதே குளத்தருகே திரளான நோயாளிகள் கிடந்தார்கள், சுகமானது ஒருவன் மட்டும். மற்றவர்கள் ஏன் இல்லை என்று கேட்டார்கள். வேதாகமம் சொல்லவில்லை என்றேன். நானாக ஒரு காரணம் உண்டாக்கிச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பக்கத்து மேசையில் இருப்பது சைவப் பிள்ளையாகவோ முஸ்லிம் பிள்ளையாகவோ இருக்கும். கோணேசருக்கு நேர்த்தி வைத்து எங்கள் பாட்டி சுகமானாரே என்று சிநேகிதி சொன்னால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். பாட்டி சுகமானதற்குச் சந்தோஷப்படு என்றேன். வாதாடி வெல்ல வேண்டிய இடம் அது இல்லை. ஈசா நபி (இயேசு) அல்லாஹ்வின் அனுமதியோடு குருடரையும் குஷ்டரோகிகளையும் சுகமாக்கினார் என்று குர்ஆனிலும் இருப்பதைக் கிண்ணியாவிலிருந்து வரும் வகுப்புத் தோழன் சொல்லி இன்னொரு பிள்ளை அறிந்துகொண்டான். அவனுக்கு அது பெரிய ஆச்சரியம்.

சரி, இன்றைக்கு நடக்கும் சாட்சிகளை என்ன செய்வது? விசாரிப்பது அவிசுவாசம் அல்ல என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். பத்துக் குஷ்டரோகிகளையும் இயேசு ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கச் சொன்னார். தோலைப் பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்வது லேவியராகமத்தின்படி ஆசாரியரின் வேலை. இன்றைய கிளினிக்கில் போய்க் காட்டுவதும் அதுபோலத்தான். கத்தோலிக்கரின் லூர்து தலத்திலும் டொக்டர்மார் முதலில் ஆராய்கிறார்கள். 1858 முதல் சுகம் பெற்றதாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அறிவித்திருக்க, திருச்சபை அற்புதம் என்று ஏற்ற 70ஆவது சம்பவம் 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. சுகமானது உண்மையென்றால் ஸ்கேனுக்குப் பயப்படத் தேவையில்லை.

நான் அற்புதங்களை நம்புகிறேனா என்று பிள்ளைகள் நேராகவே கேட்பார்கள். நம்புகிறேன், நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன், சுகம் கேட்டே ஜெபிக்கிறேன். இன்னும் முடிவெடுக்க முடியாத பிள்ளைக்கும் வகுப்பில் இடம் உண்டு, அவர்களையும் பேச விடுகிறேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் மாற்கு 9இல் தொடங்குங்கள். சத்தமாக, பிள்ளைகளே மாறிமாறி வாசிக்கட்டும். உங்கள் வகுப்பில் வலிப்பு, நீரிழிவு, ஆஸ்துமா என்று நாளாந்தம் மருந்து எடுக்கிற பிள்ளை யாரும் இருக்கிறார்களா என்று அதற்கு முன்பே பெற்றோரிடம் தனியாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எங்கள் பெடியன் இப்போது உயர்தரம் முடித்துவிட்டான். குளிசையை விடவில்லை. இரவு எட்டு மணிக்குக் குளிசை போடும்போது ஜெபித்துவிட்டுப் போடுகிறானாம், அவனுடைய அம்மாதான் சொன்னார்.