முற்பணம் கொடுத்த வீடு கிடைக்கவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சிக்கு இடமாற்றம் பெற்ற ஆசிரியை. கரடிப்போக்கில் ஒரு வீட்டை மாதம் 30,000 ரூபாவுக்கு இரண்டு வருடங்களுக்கு வாய்மொழியாகப் பேசி, ஆறு மாத முற்பணமாக 180,000 ரூபாவை வெளிநாட்டிலுள்ள உரிமையாளரின் தம்பியுடைய வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டோம். சாமான்களுடன் போன அன்று, வர்ணம் பூசிய செலவென்று மேலும் 60,000 ரூபா கேட்டுத் தம்பி திறப்பைத் தர மறுத்தார். பிள்ளைகளின் முன்னால் அவமானப்படுத்தினார். இப்போது நாங்களே விலகியதாகக் கூறி முற்பணத்தையும் தர மறுக்கிறார். வழக்குப் போட்டு அந்த வீட்டைப் பெறலாமா?

பதில்: பெற முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வலுவற்றது. பணத்தை மட்டும் கேளுங்கள். உங்களுக்கு நேர்ந்த அவமானம் பெரிதுதான். ஆனால் முதலில் மறுத்தவர் யார் என்பதே வழக்கைத் தீர்மானிக்கும். வீட்டைத் தர மறுத்தவர் அவரென்றால் பணம் உங்களுடையது. அவர் தரத் தயாராக இருந்தும் நீங்கள் விலகியிருந்தால், எழுத்தில்லா உடன்படிக்கையைக் காரணங்காட்டி முற்பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

இங்கேதான் என் கட்சிக்காரர் பலர் சறுக்கியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பிரதிகளைப் பார்த்தேன். அன்றிரவு நீங்கள், "உங்கட வீடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் அவர், "வீடு ஆயத்தம், திங்கட்கிழமை வாருங்கள்" என்று பண்பாகப் பதில் போட்டிருக்கிறார். யாரோ சொல்லிக்கொடுத்து எழுதிய பதிலாகவே அது எனக்குத் தெரிகிறது. நீதிமன்றத்தில் இவ்விரண்டையும் மட்டும் வாசித்தால் விலகியவர் நீங்களே. ஆகவே, 60,000 ரூபா கேட்ட அவருடைய குரல் பதிவை அழிக்காமல் அதே தொலைபேசியில் வைத்திருங்கள். திறப்பு மறுக்கப்பட்டதைக் கண்ட லொறிச் சாரதி உங்கள் உறவினர் அல்லர் என்பதால், அவருடைய சாட்சியம் உங்கள் கணவரின் சாட்சியத்தைவிடப் பெறுமதியானது. இன்றே பதிவுத் தபாலில், பேசிய நாளில் பேசிய தொகையுடன் வந்தும் திறப்பு மறுக்கப்பட்டதென எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். கடிதம் அண்ணனுக்கும் தம்பிக்கும் போகட்டும். அண்ணனுக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரமான அற்றோணித் தத்துவம் தம்பியிடம் இல்லாவிட்டாலும் பணம் போனது அவருடைய கணக்குக்கே.

காணி உறுதி எழுதப்பட்ட சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வன்னியில் இதைக் கேளாமல் முற்பணம் கொடுப்பவர்களே அதிகம். பெர்மிட் காணியை உரிய அனுமதியின்றி வாடகைக்கு விட முடியாது. அனுமதி இல்லையென்றால், "வீடு ஆயத்தம்" என்ற அவருடைய வாதம் ஆட்டங்காணும். ஆனால் அதைச் சொல்லி அவரை மிரட்டாதீர்கள். மிரட்டியவர்கள் தாமே பொலிஸுக்கு அழைக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன்.

இத்தொகைக்கு மத்தியஸ்த சபையில் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இன்றி நீதிமன்றம் செல்ல முடியாது. வாய்மொழி உடன்படிக்கைக்குக் காலவரையறை மூன்று வருடங்கள். சபையில் ஒரு மாத வாடகையைக் கழித்து 150,000 ரூபா தர அவர் முன்வந்தால், பெற்றுக்கொண்டு ஒப்பமிடுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி அவர் கையில் இருக்கும்வரை, அந்த 30,000 ரூபாவுக்காக நீதிமன்றப் படியேறுமாறு நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.