பெட்டியில் போட்டிருக்கும் வாட் வேறு, உள்ளே இழுக்கும் வாட் வேறு

கேள்வி: 850 வாட் பவர் சப்ளை மாட்டினால் கரண்ட் பில் ஏறுமா? – வாசகர், கரூர்

பதில்: ஏறாது. கணினி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் இழுக்கும்.

கேள்வி: அலமாரித் தட்டில் அடங்குகிற சிறிய கேமிங் கணினி ஒன்று சேர்க்கிறேன். பிராசசர்களில் ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட், இன்டெல் கோர் ஐ7-14700கே 125 வாட் என்று போட்டிருக்கிறது. ஐந்து வாட்தானே வித்தியாசம், விலை குறைவானதை வாங்கிவிடலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. இன்டெல் சொல்லும் 125 வாட், பிராசசர் அடிப்படை வேகத்தில் ஓடும்போதுள்ள கணக்கு. டர்போவில், அதாவது வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும்போது, 253 வாட் வரை போகும் என்று அந்த நிறுவனமே தன் விவரப் பட்டியலில் போட்டிருக்கிறது. ஏஎம்டியின் 120 வாட், சூட்டைத் தணிக்க எப்படிப்பட்ட கூலர் வேண்டும் என்று சொல்வதற்கான எண். அந்த வகைக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 162 வாட். ஆனால் விளையாட்டு ஓடும்போது 7800எக்ஸ்3டி அந்த உச்சத்தை நெருங்குவதே இல்லை. உள்ளேயே 96 எம்பி எல்3 கேஷ் என்ற அதிவேக நினைவகம் இருப்பதால், வேகத்தையும் வோல்டேஜையும் ஏற்றாமலே வேலை நடந்துவிடுகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். 14700கே பல விளையாட்டுகளில் அந்த 100ஐத் தாண்டிவிடும்.

நம் ஊரில் கிணற்றுக்கு மோட்டார் வாங்குகிறவர் பெயர்த்தகட்டைப் படித்ததோடு விடமாட்டார். தண்ணீர் ஏறும்போது வயர்மேனை அழைத்து, டாங் டெஸ்டர் மாட்டி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கூடவே நின்று பார்ப்பார். அதே மனிதர் மகனுக்குக் கணினி வாங்கும்போது அட்டையில் அச்சிட்டதைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறார். விற்பவரும் அதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்த ஆற்றாமை எனக்குத் தீரவில்லை.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். 60 வாட் வித்தியாசம், தினமும் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 14 யூனிட். உங்கள் வீடு 500 யூனிட் விளிம்பில் நின்றால் மட்டும் கணக்குப் பாருங்கள். உண்மையான பிரச்சினை சூடு. 2022இல் நான் பத்து லிட்டர் கொள்ளளவுள்ள கணினிப் பெட்டி ஒன்றில், 47 மி.மீ. உயரக் கூலருக்குக் கீழே, 125 வாட் என்று எழுதிய பிராசசரைப் பொருத்தினேன். சித்திரை மாதம், மாடி அறை. விளையாட்டு தொடங்கி ஐந்து நிமிடத்தில் 100 டிகிரி. வேகம் தானாகக் குறைந்து படம் திக்கியது. பக்கத்துத் தகட்டில் கை வைத்தால் உடனே எடுக்க வேண்டியிருந்தது. விசிறிச் சத்தத்தில் அடுத்த அறையில் அம்மாவால் தூங்க முடியவில்லை. எட்டு மாதத்தில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பணம் போனது இன்னும் வலிக்கிறது. உங்கள் பெட்டிக்கு 7800எக்ஸ்3டி. பட்ஜெட் இடிக்கிறதென்றால் ரைசன் 5 7600. அதன் உச்சமே 88 வாட்தான்.

கேள்வி: மகளின் படிப்புக்காக வாங்கினேன் ஐயா. கடைக்காரர் தாளில் ரைசன் 5 7600 என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே இருப்பது 5500 என்று மகளின் தோழி கண்டுபிடித்தாள். பில்லில் ‘கணினி செட் 1’ என்று மட்டும் இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்ததைக் காட்டுகிறார்கள். – வாசகர், நாமக்கல்

பதில்: தவறு உங்களுடையது அல்ல. எழுதிக் கொடுத்ததை நம்புவது குற்றமில்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் ஆதாரம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் பிராசசரின் பெயர் தெரியும். அதைத் தேதியோடு படம் எடுங்கள். பில்லில் அச்சடித்த வாசகம் ஏமாற்று வேலைக்குக் கவசம் ஆகாது. முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினேன். மதர்போர்டு போய்விட்டது. வாரண்டி கேட்டால் மறுக்கிறார்கள். – வாசகர், கோபி

பதில்: எந்தக் கடையில், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? பணம் அனுப்பிய ரசீது போனில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் என்னிடமும் வழி இல்லை. இதே கதையோடு வருகிறவர்களுக்குப் பதில் எழுதி அலுத்துவிட்டது.

கேள்வி: இணையத்தில் பழைய கோர் ஐ7-13700கே பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? – வாசகர், பவானி

பதில்: வேண்டாம். 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில நிலைகுலைவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. முந்தைய உடைமையாளர் அதை எப்படி ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: உங்கள் பத்தியைப் படிக்கும் முன்பே சிறிய பெட்டியில் ரைசன் 9 7900எக்ஸ் மாட்டிவிட்டேன். 95 டிகிரி காட்டுகிறது. நஷ்டத்துக்கு விற்றுவிடவா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: விற்காதீர்கள். அந்த வகைக்கு 95 டிகிரி அனுமதிக்கப்பட்ட எல்லைதான், ஆனால் உங்கள் பெட்டிக்கு அது அதிகம். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கும். 65 வாட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்; இந்த 65உம் மேலே சொன்ன கூலர் எண் போன்றதுதான், உச்சம் அல்ல. 230 வாட் வரை இழுக்கக்கூடியது 88 வாட்டில் நிற்கும். விளையாட்டில் பெரிய இழப்பு இராது. மாற்றிய பிறகு அரை மணி நேரம் விளையாடி, வெப்பம் எத்தனை டிகிரி குறைந்தது என்று குறித்து வையுங்கள். குறையவில்லை என்றால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.