கெரால்ட்டின் மறதியும் துஷ்யந்தனின் மறதியும்

கேள்வி: ‘விட்சர்’ நாவல் வரிசையின் கடைசிப் புத்தகத்தில் அசுர வேட்டைக்காரனான (அதாவது விட்சரான) கெரால்ட் குத்துப்பட்டுச் சாய்கிறான், அவன் நண்பரான ரத்தக்காட்டேரி ரீஜிஸ் உருகிப்போகிறார். அதன் தொடர்ச்சியாக வந்த வீடியோ கேமில் இருவரும் நடமாடுகிறார்கள். ஞாபக மறதி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? இரண்டையும் ஒரே கதையாக வைத்துக்கொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஞாபக மறதி என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லோடு எனக்கு இருபது வருடச் சண்டை. எங்கள் பத்திரிகைக்கு வரும் தொடர்கதைகளில் எட்டாவது அத்தியாயத்தில் யாராவது மாடிப்படியில் உருண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்த வாரம் அவன் கண் விழித்து, கட்டிய மனைவியைப் பார்த்து ‘நீங்க யாரு?’ என்பான். பதினெட்டாவது அத்தியாயத்தில் அதே படியில் மறுபடி உருள்வான், எல்லாம் ஞாபகம் வந்துவிடும். ஒரே படி, ஒரே ஆள், இரண்டு உருளல். ஒருவர் செலவை மிச்சம் பிடித்து, இரண்டாவது முறை தேங்காயைத் தலையில் விழவைத்திருந்தார். நடுவில் போன பத்து வாரமும் அந்த மனைவி எப்படி இருந்தாள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. கதையைத் திருப்பி அனுப்பும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் எழுதி அனுப்புவேன்: அவள் என்ன ஆனாள்?

மறதியை வைத்துக் கதையை ஒட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காளிதாசன் செய்ததும் அதுதானே. மகாபாரதத்தில் துஷ்யந்தனுக்கு மறதி கிடையாது. சகுந்தலை பிள்ளையோடு வந்து நிற்கும்போது அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, இருந்தும் தெரியாது என்கிறான். துர்வாசர் சாபமும் மீன் வயிற்று மோதிரமும் காளிதாசன் கொண்டுவந்தவை. ஆனால் அவன் மறதியை இலவசமாகத் தரவில்லை. மோதிரம் கிடைத்த பிறகு, ஆறாவது அங்கத்தில், துஷ்யந்தன் அவளைப் படமாக எழுதி வைத்துக்கொண்டு, படத்தில் இருக்கும் வண்டை நிஜ வண்டு என்று நினைத்து விரட்டுகிறான். மறந்தவன் அங்கே வட்டியும் முதலுமாகக் கட்டுகிறான்.

சரி, விட்சருக்கு வருவோம். ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியின் முதல் விட்சர் கதை போலந்தின் ‘ஃபான்டாஸ்டிகா’ பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு எழுதப்பட்டு 1986-இல் வெளியானது. கிடைத்தது மூன்றாம் பரிசு. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கெரால்ட்டின் கதை 1999-இல் வந்த நாவலில் முடிகிறது. அசுரப் பிறவிகளையெல்லாம் வெட்டிச் சாய்த்தவன், ரிவியா நகரில் குள்ளர்களையும் எல்ஃப்களையும் கும்பல் கொன்றுகொண்டிருக்கும்போது குறுக்கே போய் நிற்கிறான். வைக்கோல் அள்ளும் மூன்று பல் கவைக்கோலால் ஓர் இளைஞன் அவனைக் குத்துகிறான். உயிரைப் பிடித்து நிறுத்தப் பார்த்து, சக்தியெல்லாம் தீர்ந்து அவன் காதலி, மந்திரக்காரி யெனிஃபரும் பக்கத்திலேயே விழுகிறாள். அவன் வளர்ப்பு மகள் சிரி இருவரையும் படகில் ஏற்றிப் பனிமூட்டத்துக்குள் கொண்டுபோகிறாள். பிறகு ஆப்பிள் மரங்கள் உள்ள ஓர் இடம். செத்தார்களா, பிழைத்தார்களா? சப்கோவ்ஸ்கி சொல்லவில்லை.

2007-இல் வந்த முதல் விளையாட்டு இதைத் தாண்டி ஐந்து வருடம் கழித்துத் தொடங்குகிறது. பழையது எதுவும் ஞாபகமில்லாத கெரால்ட்டை விட்சர்கள் கோட்டைக்குத் தூக்கி வருகிறார்கள். புத்தகம் படிக்காதவரும் ஆட வேண்டும், அதற்கு இது நல்ல உபாயம்தான். ஆனால் அந்த விளையாட்டில் யெனிஃபர் இல்லை. அவள் இடத்தில் இன்னொரு மந்திரக்காரி ட்ரிஸ் இருக்கிறாள். ட்ரிஸுக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறப்பதில்லை. யெனிஃபர்? அவள் என்ன ஆனாள்? என் கேள்விக்கு நான்கு வருடம் பதில் இல்லை. 2011-இல் வந்த இரண்டாவது விளையாட்டில் ஞாபகம் துண்டு துண்டாகத் திரும்புகிறது: ஆப்பிள் தோட்டத்தில் கெரால்ட்டும் யெனிஃபரும் இருந்தார்கள், பேய்ப்படை அவளைப் பிடித்துப் போனது, தேடிப்போன கெரால்ட் தன்னைக் கொடுத்து அவளை மீட்டான். நாவல் விட்ட இடத்திலிருந்து இழுத்த நூல் என்பதால் இதை நான் ஏற்றுக்கொண்டேன்.

ரீஜிஸ் விஷயம் இன்னும் அழகு. ஸ்டிக்கா கோட்டையில் அவரை உருக்கிவிடுகிறார்கள். 2016-இல் மூன்றாவது விளையாட்டோடு சேர்த்து ஆட வந்த ‘ப்ளட் அண்ட் வைன்’ இணைப்பில் அவர் மூலிகை வாசனையோடு வந்து நிற்கிறார். இன்னொரு ரத்தக்காட்டேரி தன் ரத்தம் கொடுத்து வளர்த்ததாம். ஏமாற்று வேலை என்று கோபப்படுவதற்கு முன்னால் மூன்றாவது நாவலை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை தன் தலையை வெட்டிப் புதைத்துவிட்டார்கள், மறுபடி உடம்பு தேற ஐம்பது வருடம் ஆயிற்று என்று ரீஜிஸே சொல்லியிருப்பார். எழுதியவர் ஊன்றிய விதையைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இந்த அக்கறை இல்லை. நாவலில் பேரரசன் எம்ஹிர் சிரியைத் தேடுவது ஏன் என்று தெரியும்போது நெஞ்சு உறைந்துபோகும். பெற்ற மகளையே மணந்து வாரிசு பெறத் திட்டம் போட்டவன் அவன். கடைசி நிமிடத்தில் மனம் மாறி அவளை விட்டுவிட்டு, சிரி என்ற பெயரில் ஊருக்குக் காட்டிவந்த வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். 2015-இல் வந்த மூன்றாவது விளையாட்டில் அவன் சிம்மாசனத்துக்கு வாரிசு தேடும் கண்டிப்பான அப்பா. பழைய எண்ணத்தைப் பட்டும்படாமல் தாண்டிப்போகிறார்கள். இதை எந்த மறதியாலும் மூட முடியாது. என்னைப் பொறுத்தவரை அந்த எம்ஹிர் வேறு ஆள்.

சப்கோவ்ஸ்கியைக் கேட்டால் விஷயம் சுலபம்: விளையாட்டு அவர் கதையின் தொடர்ச்சியே அல்ல. ஆரம்பக் கதைகளில் ‘ஓநாய்ப் பள்ளி’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். விளையாட்டுக்காரர்கள் பூனை, கரடி, கழுகுச்சிங்கம் என்று வரிசையாகப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அந்த வரியை எழுதியிருக்க வேண்டாம் என்று பின்னாளில் அவரே வருந்தினார். அவர் கோபத்தில் எனக்குப் பாதி சம்மதம். மீதிப் பாதியில் பணமும் கலந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். விளையாட்டு ஓடாது என்று நினைத்து, விற்பனையில் பங்கு வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். அது கோடிக்கணக்கில் விற்றது. 2018-இல் விளையாட்டு நிறுவனத்துக்கு 6 கோடி ஸ்வோட்டி (போலந்துப் பணம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார். அடுத்த வருடம் புது ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எழுத்தின் பலன் எழுதியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு என் எதிரே கண்ணீரோடு உட்கார்ந்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க சப்கோவ்ஸ்கி கட்சி.

இன்னொன்று. அந்தக் கடைசி நாவல் ஆங்கிலத்தில் வந்தது 2017-இல், மூன்றாவது விளையாட்டுக்கு இரண்டு வருடம் பிந்தி. நாவலை ஆங்கிலத்தில் மட்டுமே படிக்க முடிந்த நம்மைப் போன்றவர்கள் கவைக்கோல் குத்துக்கு முன்பே பிழைத்தெழுந்தவனோடு குதிரை ஏறிவிட்டோம். உங்கள் குழப்பத்தில் பாதி இதனால் வந்ததுதான்.

ஒட்டவைக்க வழி கேட்டீர்கள். வருடக் கணக்கு போட்டுப் பார்க்காதீர்கள். மூன்றாவது விளையாட்டில் ஸ்கெல்லிகே தீவுகளில் ‘கடைசி விருப்பம்’ என்று ஒரு பகுதி வரும், அதை ஆடுங்கள். பழைய சிறுகதையில் வரம் தரும் பூதமான ஜின்னிடம் கெரால்ட் மூன்றாவது வரம் கேட்டுத் தன் விதியை யெனிஃபரோடு முடிந்துகொண்டான். என்ன சொல்லிக் கேட்டான் என்பதை சப்கோவ்ஸ்கி எழுதவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சந்தேகம்: இவன் என்னை விரும்புகிறானா, அல்லது வரம் விரும்பவைக்கிறதா? இந்தப் பகுதியில் அவள் இன்னொரு ஜின்னைத் தேடிப் பிடித்து அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்கிறாள். ஜின் இருந்த கப்பல் இரண்டாக உடைந்து, ஒரு பாதி கடலடியிலும் மறு பாதி பனிமலை உச்சியிலும் கிடக்கிறது. மந்திரம் போன பிறகு அந்த உச்சியில், உடைந்த கப்பல் விளிம்பில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு எதுவும் மாறவில்லை. உனக்கு எப்படி என்று கெரால்ட்டைக் கேட்கிறாள். அவன் என்ன சொல்வது என்பதை நம் கையில் விட்டுவிட்டு விளையாட்டு காத்திருக்கிறது.

நான் மூன்று தடவை ஆடியிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன்.