பூரிமுக்கு முன் எதைப் படிப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூதர்களின் பூரிம் பண்டிகையில் மாறுவேடம், இனிப்பு, மது, யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கூச்சல் என்று ஒரே கொண்டாட்டம். அதற்கு முன்பு நாள்கணக்கில் நூல்களைப் படித்துத் தயாராவார்கள் என்கிறார்கள். அரசி எஸ்தர் தன் யூத இனத்தைக் காப்பாற்றிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே? பிறகு எதைப் படிக்கிறார்கள்? நானும் அந்த வரிசையில் படித்துப் பார்க்கலாமா?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் படிக்கலாம். பூரிமில் செய்ய வேண்டியவை நான்கு: எஸ்தர் சுருளின் வாசிப்பை இரவிலும் மறுநாள் பகலிலும் கேட்பது, நண்பருக்கு உணவு அனுப்புவது, ஏழைகளுக்குக் கொடுப்பது, விருந்து. ஒவ்வொன்றுக்கும் அளவும் நேரமும் உண்டு. கதை மட்டும் தெரிந்தவருக்கு அவை தெரியாது. "ஆதார் பிறந்தால் மகிழ்ச்சியைப் பெருக்க வேண்டும்" என்கிறது ரபிகள் எனும் யூத மத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத். ஆதார் ஒரு யூத மாதம்; பூரிம் அதன் 14ஆம் நாள். மாதப் பிறப்பில் தொடங்கினால் இரண்டு வாரம் கிடைக்கும், அது போதும்.

முதலில் எஸ்தர்: 10 அதிகாரம், 167 வசனம். கையில் இருப்பது எந்தத் தமிழ் பைபிள் என்று பாருங்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் எபிரேய வடிவம் ஒன்று, கிரேக்க வடிவம் ஒன்று என எஸ்தர் இரண்டு முறை வரும். கிரேக்க வடிவத்தில் எஸ்தரை வளர்த்த மொர்தெகாயின் கனவும், அவர்கள் இருவரின் மன்றாட்டுகளும் சேர்ந்திருக்கும். யூதர்கள் வாசிப்பது எபிரேய வடிவத்தை. அதில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கிரேக்க வடிவத்தைப் படித்துவிட்டுத் தல்மூதுக்குப் போனால், ரபிகள் எந்த மௌனத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்றே விளங்காது. ஆமான் தூக்கிலேறியதும் நூலை மூடிவிடாதீர்கள். பண்டிகைச் சட்டத்தின் வேர் முழுக்க 9ஆம் அதிகாரம் 19 முதல் 22 வரையிலான வசனங்களில் இருக்கிறது.

அடுத்தது, தல்மூதுக்கு அடிப்படையான பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'மெகில்லா' (சுருள்) என்னும் பகுதி. நான்கு அதிகாரங்களில் முதல் இரண்டு போதும். மற்றவை பெரும்பாலும் ஜெப ஆலயம், தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்பு பற்றியவை. யோசுவா காலத்திலேயே மதில் இருந்த ஊர்களுக்கு 15ஆம் நாள் என்ற விதி இங்கேதான் வருகிறது. எருசலேமில் பூரிம் இன்றும் ஒரு நாள் தள்ளி வருவது அதனால்தான். சுருளை வரிசை மாற்றி வாசித்தாலும், பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னாலும் கடமை தீராது. ஒரு சொல்கூடக் காதில் விழாமல் போகக் கூடாது என்பதால், ஆமான் பெயருக்கு எழும் கூச்சல் அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். கேட்பவர் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருந்து, தவறிய சொல்லைத் தானே வாசித்து அவரை எட்டிப் பிடிக்க வேண்டும். வாசிப்பவர் பாடு இன்னும் கடினம். தோற்சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, இசைக்குறியும் கிடையாது. ஆமானின் 10 மகன்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே பழகாமல் முடியாது.

பிறகு பாபிலோனியத் தல்மூதில் இதே 'மெகில்லா' பகுதி. புதியவர் அது ஆரம்பிக்கும் 2ஆம் ஏட்டிலேயே தொடங்கினால் தேதி விவாதங்களில் சிக்கிப் பாதியில் விட்டுவிடுவார். 7ஆம் ஏட்டுக்கு நேரே போங்கள். ஒருவருக்கு இரண்டு உணவு, இரண்டு ஏழைகளுக்கு ஆளுக்கொரு கொடை என்ற குறைந்தபட்ச அளவு அங்கே இருக்கிறது. பூரிம் விருந்தை இரவில் உண்டவர் கடமையைச் செய்தவர் ஆகார் என்பதும் அங்கேதான். "ஆமான் சபிக்கப்பட்டவன்", "மொர்தெகாய் ஆசி பெற்றவன்" இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத அளவு குடிக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற வரியும் அதே ஏட்டில்தான். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது பெரும் பிழை. உடனே அடுத்து வருவது, தல்மூத் அறிஞர் ரப்பா போதையில் எழுந்து, இன்னொரு அறிஞரான ரபி ஸேராவை வெட்டிவிட்ட கதை. மறுநாள் வேண்டிக்கொண்டு அவரை உயிர்ப்பித்தாராம். அடுத்த ஆண்டும் அழைத்தபோது, "எல்லா வேளையும் அற்புதம் நடக்காது" என்று ஸேரா மறுத்துவிட்டார். வரியையும் கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

10ஆம் ஏட்டின் பின்பக்கத்திலிருந்து 17 வரை எஸ்தர் நூலுக்கு விளக்கம். நம் ஊர்க்காரரை முதல் வசனமே நிறுத்திவிடும்: "இந்து தேசமுதல் எத்தியோப்பியா வரை". இவ்விரண்டும் உலகின் இரு முனைகளா, பக்கத்துப் பக்கத்து நாடுகளா என்று ராவ், ஷ்முவேல் என்ற இரு ரபிகளும் மாறுபடுகிறார்கள்! இதைத் தனியாகப் படிக்க வேண்டாம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் மறுத்துக் கேட்கும் 'ஹவ்ருதா' முறையில் ஒரு துணையோடு படியுங்கள்.

கடைசியாக, 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸின் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் மெகில்லா சட்டங்களின் முதல் இரண்டு அதிகாரங்கள். விருந்துக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் உணவுக்கும் செலவிடுவதைவிட ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது மேல் என்று அங்கே சொல்கிறார். அன்று கை நீட்டுபவர் யாரானாலும் விசாரிக்காமல் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். என்னைக் கேட்டால், படிப்பு முன்னதாக நடக்க வேண்டியதற்கு இந்த ஓரிடமே போதும். இனிப்புக் கூடைகளுக்குப் பணத்தையெல்லாம் செலவழித்த பின் இதைப் படித்து என்ன பயன்?

நாள் கணக்கில் ஒரு எச்சரிக்கை. 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு ஆதார் இரண்டு முறை வரும். அப்போது பூரிம் இரண்டாம் ஆதாரில்தான். அதனால் 2024இல் மார்ச் 24, 2025இல் மார்ச் 14 என்று தேதி நகர்கிறது. நாட்காட்டியில் காணும் தேதிக்கு முந்தைய மாலையே முதல் வாசிப்பு நடந்துவிடும். படிப்பை அதற்குள் முடிக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள்.