பிளேம் டிடெக்டர்: சேலம் வட்டாரப் பட்டறை, ஆலைகளில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

புகையையோ சூட்டையோ அல்லாமல் தீச்சுடரின் ஒளியையே பார்த்து அலாரம் கொடுக்கும் கருவிதான் பிளேம் டிடெக்டர். அதை மாட்டுவது, பராமரிப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சங்ககிரி, லாரி பாடி கட்டும் பட்டறை): சார், பெயின்ட் ஷெட்டுல யூவி டிடெக்டர் போட்டிருக்கோம். பக்கத்து ஷெட்டுல வெல்டிங் வச்சா போதும், அலாரம் அடிக்குது. இப்ப பசங்க பேனலையே ஆஃப் பண்ணி வச்சுடறாங்க. என்ன பண்றது?

பதில்: உங்கள் டிடெக்டர் கெட்டுப்போகவில்லை, இடம் தெரியாமல் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். யூவி டிடெக்டர் பார்ப்பது ஏறத்தாழ 185 முதல் 260 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரை. வெயிலில் வரும் அந்தக் கதிரை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுவதால் சூரியனைப் பார்த்து அது ஏமாறாது. ஆனால் வெல்டிங் ஆர்க், மின்னல், பைப் வெல்டை எக்ஸ்ரே எடுக்கும் வேலை எல்லாம் அதற்குத் தீதான். தகரத்தில் பட்டுத் திரும்பும் ஆர்க் வெளிச்சமும் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் ஷெட்டில் இருக்கிறது. தின்னரில் இருக்கும் டொலுவீன், சைலீன் ஆவி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்ப்ரே நடக்கும் நேரத்தில், அதாவது தீப்பிடிக்க வாய்ப்பு அதிகமாக இருக்கும் நேரத்தில், அந்தக் கண் மங்கிப்போகிறது. வேண்டாதபோது கத்தி, வேண்டியபோது வாய் மூடிக்கொள்ளும் கருவியை அங்கே வைத்திருப்பதில் பயனில்லை.

மூன்று சென்சார் வைத்த ஐஆர்3 வகைக்கு மாறுங்கள். பெட்ரோல், டீசல், தின்னர், எல்பிஜி என்று கார்பன் உள்ள எது எரிந்தாலும் சூடான கார்பன் டை ஆக்சைடு வரும், அது 4.3 மைக்ரானை ஒட்டி அகச்சிவப்புக் கதிர் விடும். ஒரு சென்சார் அதைப் பார்க்க, மற்ற இரண்டும் அதன் இரு பக்க அலைநீளங்களைப் பார்க்கும். மூன்றின் விகிதமும், சுடர் விநாடிக்குச் சில தடவை துடிக்கும் துடிப்பும் ஒத்துவந்தால்தான் அலாரம். எவ்வளவு தூரத்து வெல்டிங்கைத் தாங்கும் என்று மேனுவலில் அட்டவணை இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்ப்ரே பூத்துக்குள்ளேயே மாட்டுவதானால் பெயின்ட் துளி கண்ணாடியில் படியும், அதற்கு ஏர் பர்ஜ் (கண்ணாடி மேல் காற்று ஊதித் துளி படியாமல் காக்கும்) இணைப்பு வேண்டும்.

கேள்வி (ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை): அண்ணா, எங்க கழிவுநீர்ல வர்ற பயோகேஸ்லதான் பாய்லர் ஓடுது. பர்னர் அடிக்கடி லாக்அவுட் ஆகுது. ஆபரேட்டர் நாலஞ்சு தடவை ரீசெட் அமுக்கி ஓட்டறார். யூவி செல்லை மாத்தினா சரியாயிடுமா?

பதில்: முதலில் அந்த ரீசெட்டை நிறுத்துங்கள். லாக்அவுட் என்றால், சுடர் தெரியாததால் கன்ட்ரோலர் வாயுவை மூடிப் பர்னரைப் பூட்டிவிடுவது. ஒவ்வொரு தோல்வியிலும் கொஞ்சம் எரியாத வாயு உலைக்குள் போகிறது. பர்ஜ் (பற்றவைக்கும் முன் புதுக்காற்றால் உலையில் தங்கிய வாயுவை வெளியேற்றுவது) சரியாக நடக்காமல் திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் ஒரு தடவை எல்லாம் சேர்ந்து பற்றும். அப்போது பாய்லர் கதவு இருந்த இடத்தில் இருக்காது. பாய்லருக்கு அல்ல, தொழிற்சாலை உலைகளுக்காக எழுதப்பட்ட அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்எஃப்பிஏ 86கூட, பற்றவைக்கும் முன் உலையின் கொள்ளளவைப் போல குறைந்தது 4 மடங்கு புதுக்காற்று உள்ளே போகவேண்டும் என்கிறது. ஒரு தடவை ரீசெட், அதற்கும் பற்றாவிட்டால் காரணம் தேடுவது: இதைப் பேனல் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பர்னர் ஸ்கேனர் (பர்னர் சுடரைப் பார்க்கும் கண்; நீங்கள் சொல்லும் யூவி செல் அதற்குள் இருப்பது) வேறு, ஷெட்டில் மாட்டும் டிடெக்டர் வேறு. பர்னரில் சுடர் இருப்பதுதான் நல்ல செய்தி, அது போனால் வாயு வால்வு மூடவேண்டும். செல்லை மாற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

ஸ்கேனரைக் கழற்றி, சைட் டியூப் (ஸ்கேனர் சுடரைப் பார்க்கும் குழாய்) வழியாக நீங்களே பாருங்கள். பயோகேஸில் ஈரம் அதிகம். குழாயில் தண்ணீர் கோத்திருக்கும், இல்லாவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு அரித்த துரு உதிர்ந்து அடைத்திருக்கும். குழாய் பர்னர் பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் தேங்காது. குளிர்விக்கும் காற்று இணைப்பு அடைபடாமல் வருகிறதா என்றும் பாருங்கள். நடுவில் கண்ணாடி இருந்தால் அது குவார்ட்ஸ்தானா? யாராவது உடைந்ததற்குப் பதில் சாதாரணக் கண்ணாடி வெட்டிப் போட்டிருந்தால் யூவி அதைத் தாண்டாது.

அடுத்து சுடர். மீத்தேன் அளவு குறையும் நாட்களில் அதே காற்று அளவுக்குச் சுடர் பர்னர் வாயை விட்டுத் தள்ளிப்போய் எரியும். ஸ்கேனர் பார்க்கும் இடத்தில் சுடர் இல்லை. அப்போது லாக்அவுட் ஆவதுதான் சரி. வாயு அழுத்தம், காற்று டாம்பர் (காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு), மாய்ஸ்சர் டிராப் (வாயுவின் ஈரத்தைப் பிடிக்கும் கலம்) மூன்றையும் பார்க்கவேண்டும். ஸ்கேனர் ஒயரை இக்னிஷன் கேபிளோடு ஒரே குழாயில் விட்டிருந்தால் பிரித்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியென்றால் செல்லுக்கு வாருங்கள். செல் என்று நீங்கள் சொல்லும் பர்னர் யூவி டியூபுக்கு 10,000 மணி நேரத்தை ஒட்டித்தான் ஆயுள் சொல்கிறார்கள். நாள் முழுக்க ஓடும் ஆலையில் அது 14 மாதம்கூட இல்லை. வயதான டியூப் சுடரைப் பார்க்காமல் போனால் பரவாயில்லை, பர்னர் நிற்கும். சுடர் இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லும் பழுதும் அதற்கு வரும், அதுதான் ஆபத்து. உங்களைப்போல் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓட்டுபவர்கள், ஷட்டர் வைத்துத் தன்னையே சோதித்துக்கொள்ளும் ஸ்கேனரும் அதற்கேற்ற கன்ட்ரோலரும்தான் வைக்கவேண்டும்.

மாதம் ஒரு முறை, பர்னர் எரியும்போது கையால் திருகும் வாயு வால்வை மூடுங்கள். சுடர் அணைந்து 4 விநாடிக்குள் ஷட்ஆஃப் வால்வுக்கு மின்சாரம் நிற்கவேண்டும். நின்றால்தான் உங்களிடம் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். ஸ்கேனர் டெர்மினலில் ஜம்பர் ஒயர் போட்டு, சுடர் இருப்பதாக ஏமாற்றி ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

கேள்வி (அதே ஆலை): மாவு காயவைக்கிற டிரையர் டக்ட்டுக்குள்ளயும் ஒரு பிளேம் டிடெக்டர் வச்சுடலாமா?

பதில்: வேண்டாம். டக்ட்டில் ஓடுவது சுடர் அல்ல, தீப்பொறி. அது கண் இமைக்கும் முன் கடந்துபோய், காற்றில் இருந்து மாவைப் பிரிக்கும் சைக்ளோனில் ஸ்டார்ச் தூசியைப் பற்றவைக்கும். அங்கே வேண்டியது ஸ்பார்க் டிடெக்டரும், அதோடு சேர்ந்து தண்ணீர் தெளிக்கும் நாசிலும். மாவு மூட்டை கட்டும் அறையில் வேண்டுமானால் பிளேம் டிடெக்டர் வைக்கலாம், ஆனால் தூசி மண்டலம் (எரியும் தூசி காற்றில் கலக்கக்கூடிய இடத்தின் வகை) 21 அல்லது 22க்குச் சான்று பெற்றதாக இருக்கட்டும்.

கேள்வி (கருப்பூர், சால்வென்ட் கிடங்கு): 20க்கு 12 மீட்டர் ஷெட். 60 மீட்டர் பார்க்கும்னு விற்கிற டிடெக்டர் ஒண்ணை நடுவுல தொங்கவிட்டா பத்தாதுங்களா?

பதில்: பத்தாது. அந்த 60 மீட்டர், ஓரடிச் சதுரத் தட்டில் எரியும் ஹெப்டேன் அல்லது பெட்ரோலுக்கு, டிடெக்டர் நேர் எதிரில் இருக்கும்போது கிடைப்பது. மெத்தனால், ஸ்பிரிட் போன்றவற்றுக்குத் தூரம் குறையும். பார்வைக் கூம்பின் ஓரத்திலும் குறையும், சில மாடல்களில் பாதிக்குப் பக்கம். ஒப்பிடுவதற்கு இன்னொரு அளவு: ஐரோப்பிய இஎன் 54-10 தரத்தின் முதல் வகுப்புக்கே 25 மீட்டர்தான், இரண்டாவதுக்கு 17, மூன்றாவதுக்கு 12.

தூரம் இரட்டித்தால் வந்து சேரும் கதிர் கால்வாசி. இதைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கு லாபம்: 60 மீட்டரில் 0.1 சதுர மீட்டர் தீயைக் காண்கிற கருவி, 30 மீட்டரில் அதில் கால்வாசித் தீயையே கண்டுவிடும். உங்கள் ஷெட்டின் மூலைவிட்டம் 23 மீட்டர் சொச்சம். ஆக தூரம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, நிழல்தான் பிரச்சினை. டிரம் அடுக்குக்குப் பின்னால் எரிவதை எந்த விலை டிடெக்டரும் பார்க்காது.

எதிரெதிர் மூலைகளில் இரண்டு மாட்டுங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பார்வைக் கோணம் 90 பாகை. சுவர் மூலையும் 90 பாகை, கச்சிதமாகப் பொருந்தும். 5 மீட்டர் உயரத்தில் 30 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால், அதன் காலடியில் மட்டும் ஒன்றரை, இரண்டு மீட்டர் குருட்டிடம் விழும். அதை எதிர்மூலைக் கண் பார்த்துக்கொள்ளும். சாய்க்காமல் நேராக வைத்தால் கண்ணாடியில் தூசி உட்காரும், கூரையும் வானமும்தான் தெரியும். மாட்டுவது ஆடாத தூணில். கூரைத் தகடு வேண்டாம், கிரேன் ஓடும் கர்டரும் வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்தில் செல்போன் கேமராவை வைத்து ஒரு படம் எடுங்கள். எது மறைக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

டிடெக்டரோடு, தீயை அணைக்க அறை முழுக்கக் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சும் அமைப்போ நுரையோ இணைப்பதாக இருந்தால், இரண்டு டிடெக்டரும் சேர்ந்து தீ என்றால்தான் திறக்கும்படி வையுங்கள். அலாரத்துக்கு ஒன்று போதும்.

கேள்வி (ஏற்காடு, எல்பிஜி சிலிண்டர் பேங்கும் ஜெனரேட்டரும் உள்ள விடுதி): மழைக்காலத்துல பனிமூட்டம் இறங்கினா ஃபால்ட் லைட் எரியுது. வெயில் வந்தா தானா சரியாயிடுதுங்க.

பதில்: தண்ணீர் அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும். 1,500 மீட்டர் உயரத்தில் மேகமே ஷெட்டுக்குள் புகுந்து போகிறது. கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் ஈரம் அதில் படிகிறது. தன் கண்ணாடியைத் தானே சோதிக்கும் வசதி உள்ள டிடெக்டர், மங்கியதைக் கண்டு ஃபால்ட் சொல்கிறது. நல்லபடியாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாத டிடெக்டரைவிட இது மேல். அந்த நேரத்தில் உங்களுக்குத் தீப்பாதுகாப்பு குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணாடிச் சூடேற்றி உள்ள மாடலா என்று பாருங்கள். இருந்தும் அமைப்பில் அணைத்து வைத்திருப்பார்கள். மழைத்தொப்பி மாட்டுங்கள். கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையவேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அதில் சொட்டிவிடும். சிலந்தி வலையும் குளவிக்கூடும் மலையில் தனிக் கதை; வாரம் ஒரு முறை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மின்னல் மிகுந்த இடம் என்பதால் யூவி மட்டும் உள்ளதைத் தவிர்த்து, சப்ளை ஒயரில் சர்ஜ் அரெஸ்டர் (மின்னலால் திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்புவது) வையுங்கள்.

கேள்வி (சூரமங்கலம், எலெக்ட்ரீஷியன்): ஒயரிங்ல என்ன கவனிக்கணும் சார்? 24 வோல்ட் டிசிதானே, 1.5 ஸ்கொயர் போதுமில்ல?

பதில்: கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தாமிர ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். பேனலில் இருந்து 250 மீட்டர் என்றால் போக வர 500 மீட்டர், 6 ஓம். கடைசியில் 4 டிடெக்டர், சூடேற்றி ஓடும்போது ஒவ்வொன்றும் 150 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 0.6 ஆம்பியர். இழப்பு 3.6 வோல்ட். கரன்ட் இருக்கும்போது பிரச்சினை தெரியாது. கரன்ட் போய் பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கினால் டிடெக்டருக்குக் கிடைப்பது 17.4, பல மாடல்களுக்கு 18 வேண்டும். 2.5 ஸ்கொயர் போட்டால் 18.8 கிடைக்கும். தீ விபத்தில் முதலில் போவது கரன்ட்தான் என்பதால் பேட்டரிக் கணக்குதான் கணக்கு.

ஷீல்டை (கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியுள்ள உலோக உறை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் கொடுத்தால் எர்த் வித்தியாசத்தில் மின்னோட்டம் ஓடி, டிடெக்டர் தன் நிலையைப் பேனலுக்குச் சொல்லும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலைக் குழப்பும். அந்தச் சிக்னலில் பொதுவாக 0 என்றால் ஒயர் அறுந்தது, 2 என்றால் கண்ணாடி அழுக்கு, 4 சரி, 20 தீ. மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலோடு ஒப்பிடாமல் பேனலில் அமைக்க வேண்டாம்.

ஃபிளேம் புரூஃப் பெட்டியை (உள்ளே வெடித்தாலும் சுடரை வெளியே விடாத பெட்டி) மின்சாரம் இருக்கும்போது திறக்கவே கூடாது. மூடியின் மரையில் எமரி தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் உள்ளே வெடிக்கும் சுடர் குளிராமல் அந்த வழியாக வெளியேறும். கேபிள் நுழையும் கிளாண்டின் மரை குறைந்தது 5 சுற்றாவது முழுதாக ஏறியிருக்கவேண்டும். பயன்படாத துளையில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அது போக்குவரத்துக்காக வைத்தது. எடுத்துவிட்டுச் சான்று பெற்ற உலோக அடைப்பான் போடுங்கள்.

கேள்வி (மேட்டூர்): ஹைட்ரஜன் லைனுக்கும் ஐஆர்3 தானுங்களா?

பதில்: சாதாரண ஐஆர்3 வேண்டாம். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதான், கார்பன் டை ஆக்சைடு இல்லை, 4.3 மைக்ரான் கண்ணுக்கு அந்தத் தீ தெரியாது, பகலில் நம் கண்ணுக்கும் தெரியாது. யூவி, அல்லது நீராவியின் 2.7 மைக்ரான் பட்டையைப் பார்க்கும் ஹைட்ரஜன் மாடல். பெட்டிச் சான்று, ஹைட்ரஜன் அடங்கும் ஐஐசி வாயுத் தொகுதிக்கு இருக்கவேண்டும்.

கேள்வி (மாமாங்கம், மாக்னசைட் சூளை): வெள்ளைத் தூசி படிஞ்சுகிட்டே இருக்கு. எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைக்கணும்? டெஸ்ட்டுக்கு சிகரெட் லைட்டர் காட்டினா போதுமா?

பதில்: லைட்டரை விடுங்கள். வாயு உள்ள இடத்தில் அதுவே குற்றம். மற்ற இடத்திலும் அது ஒன்றையும் நிரூபிக்காது: யூவி கண் முன்னால் காட்டினால் தூசி மூடிய கண்ணும் பார்த்துவிடும், ஐஆர்3 நல்ல நிலையில் இருந்தும் கண்டுகொள்ளாமல் போகலாம். அந்தந்தக் கம்பெனியின் சோதனை விளக்குதான் சரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை வைத்துச் சோதியுங்கள்.

துடைக்கும் இடைவெளியை உங்கள் சூளையே சொல்லும். வாரம் ஒரு முறை துடைக்க ஆரம்பித்து, பேனலில் கண்ணாடி அழுக்கு ஃபால்ட் எத்தனை நாளில் வருகிறது என்று எழுதுங்கள். அதில் பாதி நாளை உங்கள் இடைவெளியாக வைத்துக்கொள்ளலாம். காட்டன் வேஸ்ட்டால் உலர்வாகத் தேய்த்தால் தூசி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதித் தட்டி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் ஒரே திசையில். கண்ணாடிக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பிரதிபலிப்பானையும் துடையுங்கள்; அதை விட்டுவிட்டு ‘துடைத்தும் ஃபால்ட் போகலை’ என்று புலம்புகிறவர்கள் பலர். யூவி கண்ணாடியில் விரலே படக்கூடாது, விரல் எண்ணெய் அந்தக் கதிரைத் தடுக்கும்.

தொடும் முன் பேனலில் அந்த மண்டலத்தின் வெளியீட்டைத் தடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் சோதனை விளக்குக்கே தண்ணீர் கொட்டும். எந்த மண்டலம், எத்தனை மணிக்குத் தடுத்தது, யார் என்று பதிவேட்டில் எழுதி, முடித்தவுடன் எடுத்துவிட்ட நேரத்தையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் அந்த வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இரண்டாவது நேரம் காலியாக இருந்தால் அவர் பொறுப்பேற்க வேண்டாம்.