வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிவிட்டால் போதாதா?

போதாது. கழிவு அதன் பிறகு எங்கே போகிறது என்பதில்தான் ஊரின் ஆரோக்கியம் இருக்கிறது.

ஹைட்டி நாட்டைப் பாருங்கள். 2010-இல் அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமில் கழிப்பறைகள் இருந்தன. ஆனால் அவற்றின் கழிவு, ஆர்ட்டிபோனைட் ஆற்றில் சேரும் ஓடையில் கலந்தது. மக்கள் குளித்ததும் குடித்ததும் அந்த ஆற்று நீரைத்தான். காலரா 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 ஆகிவிட்டது. இதை நினைத்தால் இன்னமும் நெஞ்சு கொதிக்கிறது.

செப்டிக் டேங்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கசடு அடியில் தங்கினாலும், மேலே தெளிந்து வரும் நீரில் கிருமிகள் நிறைய இருக்கும். அது உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்க வேண்டும். பல வீடுகளில் ஒரு பிவிசி குழாயைச் சொருகி நேரே தெருச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். தொட்டியை உறிஞ்சும் லாரி அந்தக் கசடை ஏரிக்கரையில் கொட்டினால், முதலில் பாதிக்கப்படுவது வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான்.

நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள கிராமங்களுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை மிக நல்ல வழி. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிறைந்ததை இரண்டு ஆண்டு மூடி வைத்தால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். பிறகு அதை அள்ளி வயலில் போடலாம்.