வொலொன்தேயின் இரண்டு மோரோக்கள்

அன்புள்ள ஐயா,

'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தில் வில்லனாக வரும் இத்தாலிய நடிகர் ஜியான் மரியா வொலொன்தேயைப் பற்றி ஒரு கூட்டத்தில் மிக உயர்வாகப் பேசினீர்கள். அதைக் கேட்டுப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். எனக்கு மிகை நடிப்பாகவே தெரிகிறது. வெறித்த கண், வியர்வை, உரத்த சிரிப்பு. அவர் கம்யூனிஸ்ட் என்றும் தன் அரசியலுக்கு ஒத்துவரும் படங்களைத் தேடி நடித்தார் என்றும் படித்தேன். அப்படிப்பட்டவரைக் கலைஞர் என்பதா, பிரச்சாரகர் என்பதா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்தது பாதி வொலொன்தேயைத்தான். அந்தப் படத்தை இயக்கிய செர்ஜியோ லியோனேயின் படங்களை நாம் ஆங்கிலத்தில் பார்க்கிறோம். அதில் கேட்பது அவருடைய குரல் இல்லை, டப்பிங் பேசிய வேறொருவருடையது. வொலொன்தேயிடமிருந்து குரலை எடுத்துவிட்டால் கண்ணும் வியர்வையும்தான் மிஞ்சும். இத்தாலியில் ஒருவர் வாயைத் திறந்தாலே எந்த ஊர், எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். அந்த வேறுபாடுகளை வைத்தே ஒவ்வொரு மனிதனையும் உருவாக்கியவர் அவர். திரைக்கதையைத் தன் கையால் எழுதி எழுதித்தான் மனப்பாடம் செய்வார்.

1933இல் மிலானில் பிறந்து துரினில் வளர்ந்தார். தந்தை பாசிஸ்ட் படை அதிகாரி, போருக்குப் பின் சிறையில் இறந்தார். மகன் பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்புறம் ரோமில் நாடக அகாதெமி, 1957இல் பட்டம். பாசிஸ்டின் மகன் இடதுசாரி ஆனான் என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. தான் எதிர்த்த மனிதர்களை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவர்களில் ஒருவரின் வீட்டில் வளர்ந்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் கம்யூனிஸ்ட்தான். 1975இல் கட்சி வேட்பாளராக நின்று லாட்சியோ மாநில அவைக்குத் தேர்வானார், கொஞ்ச காலத்திலேயே பதவியை விட்டும் விலகினார். படங்களை அரசியல் பார்த்தே தேர்ந்தெடுத்தார், அதையும் மறுக்கவில்லை. ஆனால் யாரை நடித்தார் என்று பாருங்கள். எலியோ பெத்ரியின் 'இன்வெஸ்டிகேஷன் ஆஃப் எ சிட்டிசன் அபவ் சஸ்பிஷன்' (1970) படத்தில் அவர் ஒரு உயர் போலீஸ் அதிகாரி. காதலியைக் கொன்றுவிட்டு, தன்னை யாரும் தொட முடியாது என்று நிரூபிக்கத் தனக்கு எதிரான தடயங்களைத் தானே விட்டுச் செல்கிறவர். சிசிலி வாடையடிக்கும் பேச்சு. கீழே இருப்பவர்களிடம் குரைக்கிறார், காதலி கேலி செய்தால் சிறுபிள்ளை போலச் சுருங்குகிறார். மிலானில் வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து, அதற்காகப் பிடிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளி பினெல்லி போலீஸ் அலுவலக ஜன்னலிலிருந்து விழுந்து செத்தது 1969 டிசம்பரில். ஓரிரு மாதத்தில் படம் வெளிவந்தது. அந்த நேரத்தில் போலீஸ்காரனை அரக்கனாகக் காட்டியிருந்தால் கைதட்டல் நிச்சயம். வொலொன்தே அவனுடைய பயத்துக்குள் நம்மை உட்காரவைத்தார்.

1972 கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு இரண்டு படங்களுக்குப் பகிர்ந்து தரப்பட்டது, இரண்டிலும் நாயகன் இவரே. பெத்ரியின் 'தி வொர்க்கிங் கிளாஸ் கோஸ் டு ஹெவன்' படத்தில், செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்காக வெறிபிடித்து வேலை செய்து சக தொழிலாளிகளின் வெறுப்பைச் சம்பாதித்து, ஒரு நாள் இயந்திரத்தில் விரலை இழக்கும் லூலு. பிரான்செஸ்கோ ரோசியின் படத்தில் அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் என்ரிகோ மத்தேய். லூலுவைப் பார்த்து இடதுசாரிகள் பலரே கோபப்பட்டார்கள், தொழிலாளியை இப்படியா காட்டுவது என்று. பிரச்சாரகர் என்றால் சொந்தக் கட்சிக்காரர்களாவது மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் அதிகம் யோசித்தது அவர் இரண்டு முறை நடித்த, ஆல்டோ மோரோ என்ற இத்தாலிய அரசியல்வாதியின் பாத்திரத்தைப் பற்றி. 1976இல் பெத்ரியின் 'தோதோ மோதோ'. அதில் பாத்திரத்தின் பெயர் வெறும் 'எம்' என்றாலும், அப்போது ஆண்டுகொண்டிருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான மோரோதான் அது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. மெல்லிய குரல், எதையும் முடிவாகச் சொல்லாத வாக்கியங்கள், தளர்ந்த தோள், எல்லோரையும் சமாதானப்படுத்தப் பார்க்கும் கை. இரக்கமில்லாத கேலி அது. படத்தின் முடிவில் எம் சுட்டுக் கொல்லப்படுகிறார். 1978 மார்ச்சில் நிஜ மோரோவை 'ரெட் பிரிகேட்ஸ்' என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினர் கடத்தி, 55 நாள் அடைத்துவைத்துக் கொன்றார்கள். அடைபட்ட இடத்திலிருந்து அவர் கடிதம் கடிதமாக எழுதினார். அவருடைய கட்சி நடத்திய அரசு பேச்சுவார்த்தைக்கு மறுத்துவிட்டது.

1986இல் ஜியூசெப்பே ஃபெர்ராரா அந்த 55 நாளைப் படமாக்கியபோது வொலொன்தே மறுபடி மோரோ ஆனார். அதே தோள், அதே குரல். இந்த முறை கேலி இல்லை. தயங்கித் தயங்கிப் பேசுவது தந்திரமாகத் தெரிந்த அதே மனிதரிடம் இப்போது அது நிதானமாக, தன்னைக் கைவிட்டவர்களிடமும் நியாயம் பேசிப் பார்க்கும் பொறுமையாகத் தெரிகிறது. எதிர்த்தவரை இவ்வளவு நெருங்கிப் போய்ப் பார்த்த இன்னொரு நடிகரை எனக்குத் தெரியாது. அந்த நடிப்புக்காக 1987 பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வொலொன்தேயின் அரசியல்தான் அவரை மோரோ அடைபட்ட அந்த அறைவரை கொண்டுபோனது என்று நினைக்கிறேன். அரசியலே இல்லாத நடிகர் அந்தப் படத்தைத் தொட்டிருக்கமாட்டார்.

1994 டிசம்பரில் கிரேக்கத்தில், தியோ ஆஞ்சலோபூலோஸ் படத்தின் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். வயது 61.

போலீஸ் அதிகாரி படத்திலிருந்து தொடங்குங்கள். இத்தாலிய ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், டப் செய்தது வேண்டாம். அடுத்து லூலு. மோரோ படங்கள் இரண்டையும் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள், 86ஆம் வருடப் படத்தை முதலில் பார்த்துவிட்டால் முந்தையதைக் கொடுமை என்று ஒதுக்கிவிடுவீர்கள். முடித்துவிட்டு எழுதுங்கள், மிகை நடிப்பு என்பதைப் பற்றி அப்போது பேசலாம்.